பத்தரை மணித்தியாலம் தள்ளிப் படுத்தவர்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில், ஒரு ரீச்சரோடு ஒன்பது மாதம் குடியிருந்தேன். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு ஜன்னல். அந்த ஒன்பது மாதத்தில் பெரும்பகுதி நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தூங்கியதே இல்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. நான் கொழும்பில் தூங்கினேன், அவர் ரொறன்ரோவில் தூங்கினார். கட்டில்களுக்கு நடுவே இருந்த இடைவெளி மூன்றடி.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கனடாவில் பாதிப் பேர் கண்டுபிடித்து அவரிடமே போய்ச் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கார அன்ரி அவரை ரீச்சர் என்றார், நான் அக்கா என்றேன். என்னைவிட நாலு வயது மூப்பு. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவர். கலியாணம் கொழும்பில் நடந்தது. பதினாலாம் நாள் மாப்பிள்ளை கனடாவுக்குத் திரும்பிப் போய்விட, ஸ்பொன்சர் அலுவலுக்காக இங்கேயே தங்கிவிட்டார். அந்த நாளில் வெள்ளவத்தையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாலும் விசாவுக்குக் காத்திருக்கும் ஒரு மணப்பெண்ணின் தலையில்தான் விழும். நான் அப்படியொன்றுக்கும் காத்திருக்கவில்லை. கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் ரைப் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கலியாணம் முடித்து அண்ணியைக் கூட்டிவந்ததும் வீட்டில் எனக்குப் பாய் விரிக்க இடமில்லாமல் போனது. அதனால் வெள்ளவத்தைக்கு வந்தவள்.

அக்காவுக்கு ஒரு வியாதி இருந்தது. அதற்குப் பெயர் முன்னேற்பாடு. எட்டரை ரயிலுக்கு ஏழு மணிக்கே ஸ்ரேசனில் போய் நிற்பவர்களை எனக்குத் தெரியும். அக்கா முதல் நாளே போய், ரயில் எந்த மேடைக்கு வருகிறது, கூட்டம் குறைந்த பெட்டி எந்தத் தூணுக்கு நேரே நிற்கிறது என்று பார்த்துவைத்துவிட்டு வருவார். பல் வலிக்கத் தொடங்குமுன் பல்வைத்தியரிடம் போன ஒரே மனுசியை நான் அவரில்தான் கண்டேன். கனடாவில் பனியில் நடக்கவேண்டுமே என்று, யாரோ கொடுத்துவிட்ட முழங்கால் உயர பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக் கடற்கரையில் பயிற்சி நடை நடந்தார். கால் புதைகிற விசயத்தில் மணலும் பனியும் ஒன்றுதானாம். கடலை விற்கிறவர் வண்டிலை நிறுத்திவிட்டு வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மானம் போனது.

"பாக்கிறவை பாக்கட்டும். அங்க போய் விழுந்தெழும்பிச் சிரிபடுறதைவிட இஞ்ச சிரிபடுறது நல்லது," என்றார் அக்கா, பூட்ஸுக்குள் போன மணலைக் கொட்டியபடி.

இந்த வியாதி நித்திரைக்குப் பரவியதற்குக் காரணம் அவருடைய கலியாணம்தான். வெளிநாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளைமார் முதல் கிழமை முழுவதும் தூங்கி வழிவது எங்கள் பக்கத்தில் தெரிந்த கதை. அக்காவின் மச்சாளுக்கு வாய்த்தவர் மணவறையிலேயே தூங்கிவிட்டார். ஐயர் மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் தாலியைக் கையில் வாங்கினார். வீடியோவில் அது பதிவாகி இருக்கிறது. அக்காவின் மாப்பிள்ளையோ கட்டுநாயக்காவில் வந்து இறங்கிய நாளே பகல் முழுவதும் கலகலவென்று இருந்தாராம். காலை ஐந்துக்கே எழும்பித் தேத்தண்ணி கேட்டாராம். இரவு ஒன்பது மணிக்குக் கோழி மாதிரி ஒடுங்கிவிடுவாராம்.

"ஒருக்காக்கூடத் தூங்கி விழேல்லையடி. சொந்தக்காரர் எல்லாரும் ஆச்சரியப்பட்டவை. 'எனக்கு அப்பிடி ஒண்டும் செய்யிறேல்லை' எண்டார்," என்று பெருமையோடு சொல்வார். அடுத்த நிமிடமே முகம் மாறும். "அந்த மனுசனுக்கு முன்னால நான் போய்த் தூங்கி விழுந்தா எப்பிடி இருக்கும்? நாங்கள் பழகினது பதினாலே பதினாலு நாள். அங்க போன முதல் கிழமையை நான் நித்திரையில விடமாட்டன்."

எனக்கு அதைக் கேட்கச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. விசா எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. வந்தால் உடனே ஏறவேண்டியிருக்கலாம். ஆகவே உடம்பு இப்போதே ரொறன்ரோவில் இருக்கவேண்டும் என்பது அக்காவின் தீர்மானம். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். கனடாக்காரர் சித்திரை மாதம் தங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அடுத்த மாதம் எங்கள் அரசாங்கமும் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒரு மணித்தியாலம் தள்ளியது. கூட்டிக் கழித்தால் அதே பத்தரை. ஊரெல்லாம் பழைய நேரம், புது நேரம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டு திரிய, அக்கா மட்டும், "ஒரு மணித்தியாலத்துக்கே இந்தக் கூத்து!" என்று நக்கலடித்தார்.

எனக்கும் பாடம் நடந்தது. நான் கேட்கவில்லை. ஆனால் ஒரே அறையில் இருக்கும்போது எங்கே ஓடுவது?

"மூளைக்குள்ள ஒரு மணிக்கூடு இருக்கு. அதைத் திருப்புற கை எது? கண். கண்ணில வெளிச்சம் பட்டா மூளை பகல் எண்டு நினைக்கும். இருட்டினா மெலட்டோனின் எண்டொண்டு சுரக்கும். 'ராத்திரியாச்சு, கடையைப் பூட்டு' எண்டு அது உடம்பு முழுக்கப் போய்ச் சொல்லும். விளங்குதே?"

"விளங்குது அக்கா. லைற்றை நூருங்கோ."

"கேள். படுக்கிற நேரத்துக்குக் கிட்ட வெளிச்சம் பட்டா மணிக்கூடு பிந்தும். எழும்புற நேரத்து வெளிச்சம் முந்த வைக்கும். மெலட்டோனின் குளிசை அப்பிடியே எதிர்மாறு. மேற்கால போறவைக்கு மணிக்கூடு பிந்தவேணும்."

"ஓம் அக்கா. பிந்தட்டும். லைற்றை நூருங்கோ."

லைற்றை நூர்க்கமாட்டார், அணைக்கிற பேச்சே இல்லை. மேசைக்கு மேலே சொந்தச் செலவில் நாலடி ரியூப் லைற் ஒன்று பூட்டியிருந்தார். இரவெல்லாம் அதன் கீழே முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து புத்தகம் படிப்பார். நான் ஒரு பழைய பாவாடையை முகத்தில் போட்டுக்கொண்டு படுப்பேன்.

குளிசை, அமெரிக்காவிலிருந்த ஒரு மச்சான் பார்சலில் அனுப்பியது. சவர அலகால் நாலாக வெட்டி ஒரு துண்டுதான் போடுவார். கூடப் போட்டுப் பயனில்லை, நேரம்தான் முக்கியம் என்பார். இவ்வளவு தெரிந்தவர் முதல் இரண்டு கிழமையும் அந்த நேரத்தில்தான் பிழை விட்டார். நித்திரைக் குளிசைதானே என்று பின்னேரம் ஆறு மணிக்கே விழுங்கினார். மணிக்கூடு பிந்துவதற்குப் பதிலாக முந்தத் தொடங்கியது. ஏழரைக்குச் சோற்றுக் கோப்பையில் தலை விழும், விடியற்புறம் மூன்று மணிக்கு உசாராக எழும்பி உட்கார்ந்திருப்பார். பதினைந்தாம் நாள் தன் அட்டவணையைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அநியாயமே! நான் கிழக்கால போய்க்கொண்டிருக்கிறன். யப்பான்ரை உடம்புக்கு வந்திட்டனடி!"

பிறகு திருத்திக்கொண்டு, நாளுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் பிந்திப் படுத்து, ஒரு வழியாக ரொறன்ரோ போய்ச் சேர்ந்தார். காலை எட்டரைக்குப் படுக்கை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மாலை நாலரைக்கு எழும்புவார். நான் வேலையால் களைத்து விழுந்து வர, குளித்துத் திருநீறு பூசி இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு "குட் மோர்னிங்" என்பார். பிறகு ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போய், சூரியன் கடலுக்குள் இறங்கும்வரை அதை நேரே பார்த்த திசையில் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு அது அந்தி. அவருக்குக் காலை வெயில். நான் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன்.

கறுப்புத் துணி போட்ட ஜன்னலும் இரவு முழுக்க எரியும் லைற்றும் அந்த யுத்த காலத்து வெள்ளவத்தையில் எப்படி விளங்கிக்கொள்ளப்படும் என்பதற்கு மட்டும் அக்கா முன்னேற்பாடு செய்திருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பொலிஸ் வந்தது. ஒரு சார்ஜனும் ஒரு இளம் கொன்ஸ்டபிளும். வந்து தங்கும் தமிழருக்கு அப்போது கட்டாயமாக இருந்த பொலிஸ் பதிவை அன்ரி எடுத்துக் காட்டினார். அதில் பிழை இல்லை. சார்ஜன் மேலே ஏறி அறைக் கதவைத் தள்ளி, நேரே போய் ஜன்னல் துணியை இழுத்துத் திறந்தார். வெயில் அக்காவின் முகத்தில் விழுந்தது.

"ஐயோ, வெளிச்சம்! மூடுங்கோ! மூடுங்கோ!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினார் அக்கா. துவக்கோடு நிற்கும் இரண்டு பேரை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

சார்ஜன் சுவரைப் பார்த்தார். அங்கே அட்டவணை தொங்கியது. கட்டம் கட்டமாக நேரங்கள், சிவப்பு அம்புக்குறிகள், இடையிடையே "ரயில் பாதை", "கடற்கரை", "இருட்டு". மேசையில் சவர அலகும் வெட்டிய குளிசைத் துண்டுகளும். யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரியின் அறையில் இப்படி ஒரு கடதாசி இருந்தால் அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடாது.

"மொக்கத மே?" என்று அட்டவணையில் தட்டினார் சார்ஜன். இது என்ன என்று கேட்கிறார்.

கொட்டாஞ்சேனைச் சிங்களம் அன்றுதான் எனக்குச் சோறு போட்டது. அக்கா கட்டிலில் சப்பாணி கட்டி உட்கார்ந்து பாடத்தைத் தொடங்க, நான் மொழிபெயர்த்தேன். மூளைக்குள் மணிக்கூடு இருக்கிறது என்றேன். சார்ஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். கனடாவில் புருசன் என்றேன். அது உடனே விளங்கியது. அக்கா விடாமல், "மெலட்டோனினைச் சொல்லு, அதைச் சொல்லாமல் விட்டா விளங்காது," என்று என்னை நுள்ளினார்.

காப்பாற்றியது அந்தக் கொன்ஸ்டபிள்தான். பையனுக்குக் கண் இரண்டும் கொவ்வைப்பழம். தங்கச்சி என்று என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான்: "நங்கி, இரவு டியூட்டி செய்கிறவர்களுக்கும் இது சரிவருமா? மூன்று மாதமாக எனக்குப் பகலில் நித்திரையே இல்லை."

அக்காவுக்கு ஒரு மாணவன் கிடைத்துவிட்டான். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது காலை வெயில் கண்ணில் படக்கூடாது, கறுப்புக் கண்ணாடி போடு. அறை ஜன்னலை ஒரு பொட்டு வெளிச்சம் வராமல் மூடு. இதையே பத்து நாள் செய். குளிசை மட்டும் கொடுக்கவில்லை. "என்னட்டை இருக்கிறது எனக்கே காணாது," என்றார். அது கஞ்சத்தனம்தான். சார்ஜன் அரை மனதோடு அட்டவணையைச் சுவரிலேயே விட்டுவிட்டார். இறங்கும்போது, "இந்த அக்காவைக் கெதியாக அனுப்பிவையுங்கள்," என்று அன்ரியிடம் சொன்னாராம்.

அதன்பிறகு காலையில் காலி வீதிச் சோதனைச் சாவடிப் பக்கம் போனால், டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் அந்தப் பையன் கறுப்புக் கண்ணாடியோடு கை காட்டுவான்.

நேர்முகத்துக்கான கடிதம் நாங்கள் ஒன்றாக இருந்த ஏழாம் மாதம் வந்தது. தூதரகத்துக்குக் காலை எட்டரைக்கு வரவேண்டும். பன்னிரண்டு நாள் தவணை. அக்கா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த நொடி முகம் வெளுத்துப்போனது. காலை எட்டரை என்பது அவருக்கு இரவு பத்து, படுக்கிற நேரம். நேர்முகத்தில் தூங்கி விழுந்தால், புருசனைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குத் தடுமாறினால், போலிக் கலியாணம் என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். ஒழுங்கையின் மூலை வீட்டுப் பிள்ளை ஒருத்தி புருசனின் வேலை நேரத்தை மாற்றிச் சொல்லி, பைல் மூடப்பட்டு, அழுதுகொண்டு வவுனியா பஸ் ஏறியதை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம்.

"திரும்பி வாங்கோவன் அக்கா."

"வந்த வழியால திரும்ப ஏலாது, உடம்பு இழுபடும். நான் மேற்காலயே போய் உலகத்தைச் சுத்தி வாறன்."

அப்படியே செய்தார். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் படுத்தார். காலை பத்து, பதினொன்று, மத்தியானம் ஒன்று. நான் வேலைக்கு வெளிக்கிடும்போது "இண்டைக்கு எங்க நிக்கிறியள்?" என்று கேட்பேன். "வன்கூவரைத் தாண்டிட்டன்," என்பார். ஐந்தாம் நாள் பசிபிக் கடலின் நடுவில் நின்றார்.

அன்று நான் லீவு போட்டிருந்தேன். நேர்முகத்துக்குக் கொண்டுபோகும் அல்பத்துக்குப் படங்கள் பிரதி எடுக்கக் காலி வீதிக்குப் போனோம். சாவடிக்குப் பக்கத்தில் நம்முடைய கொன்ஸ்டபிள் நின்றான். வானம் கறுத்து மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மழைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. கையில் சாப்பாட்டுப் பெட்டிப் பை. எனக்கு வழக்கம்போலக் கை காட்டினான். அக்கா நடு வீதியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஓட்டோக்காரன் சிங்களத்தில் எங்கள் பரம்பரையை விசாரித்தான்.

"அக்கா, என்ன?"

பிடரியில் கால் பட வீட்டுக்கு நடந்தார். கட்டிலில் அல்பத்தைக் கொட்டி ஒரு படத்தை எடுத்தார். புருசன் ரொறன்ரோவில் பஸ்ஸுக்கு நிற்கும் படம். பனி, மூடிய வானம், தடித்த ஜக்கெற், கறுப்புக் கண்ணாடி, கையில் சாப்பாட்டுப் பை. ஸ்ரைல் என்று நாங்கள் இருவரும் முன்பு சிரித்த படம். அடுத்தது அவருடைய அறை. பின்னால் ஜன்னல் முழுவதும் சமையலுக்குப் பாவிக்கிற வெள்ளி நிற ஈயத்தாளால் மூலை முடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது. "குளிருக்கு" என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தார்.

"குளிருக்கு ஆரடி ஈயத்தாள் ஒட்டுறது?" என்றார் அக்கா. "இது பகலில படுக்கிற ஆளின்ரை ஜன்னல்."

நான் வாயைத் திறக்குமுன் கலியாணப் படத்தையும் எடுத்து நீட்டினார். மணவறையில் பளிச்சென்று கண் விழித்துச் சிரித்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

"தூங்கி விழேல்லை, தூங்கி விழேல்லை எண்டு ஊரெல்லாம் பீத்தித் திரிஞ்சனே! எப்பிடி விழும்? அந்த மனுசன்ரை உடம்பு அங்கயே கொழும்பு நேரத்திலதானே இருந்திருக்கு. இரவிரவா முழிச்சு வேலை செய்து, பகல்ல படுக்கிற உடம்பு. இஞ்ச வந்து இறங்கேக்க அதுக்கு ஒண்டும் மாறேல்லை."

கலியாணம் பேசும்போது சொன்ன வேலை வேறு. கொம்பனி ஒபிசில் சுப்பவைசர், காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை. அக்காவின் அப்பா அதைக் கேட்டுத்தான் ஓம் என்றவர்.

காலை ஒன்பது மணி. ரொறன்ரோவில் இரவு பத்தரை. ஒபிஸ்காரர் என்றால் வீட்டில் இருக்கவேண்டும். கனடாவுக்குப் போன் எடுக்கப் பக்கத்துக் கொமினிகேசனுக்குப் போனோம். கண்ணாடிக் கூட்டுக்குள் அக்கா, வெளியே நான். நம்பரை அடித்து, யாரோ எடுத்து, "அவர் இருக்கிறாரோ?" என்று கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"கூட இருக்கிற பெடியன் எடுத்தவன். 'அண்ணை வேலைக்குப் போட்டார், விடியத்தான் வருவார்' எண்டான்."

வீதியோரத்தில் நின்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அக்கா சொன்னார்: "அந்த மனுசனுக்காக நான் கொழும்பில கனடா நேரத்துக்கு இருந்தன். அது கனடாவில கொழும்பு நேரத்துக்கு இருந்திருக்கு."

எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அக்கா அழுதுகொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனித்தான் உண்மையான சிக்கல். புருசன் தூதரகத்துக்கு நேரே அனுப்பிய பத்திரங்களை அக்கா கண்டதில்லை. அவற்றில் எந்த வேலை எழுதியிருக்கிறது? ஒபிஸ் என்றிருந்து அக்கா இரவு வேலை என்றால் பைல் மூடும். இரவு வேலை என்றிருந்து அக்கா ஒபிஸ் என்றாலும் மூடும். ஞாயிறு காலை வழக்கம்போல அன்ரியின் வீட்டுப் போனுக்கு அவர் எடுத்தார். நான் பக்கத்தில் நின்று, கேளுங்கோ, கேளுங்கோ என்று வாயசைத்தேன். அக்கா, "வேலை எப்பிடிப் போகுது?" என்றார். மறுபக்கம் ஏதோ சொன்னது. "ஓம், உடம்பைப் பாருங்கோ," என்று வைத்துவிட்டார்.

"என்னவாம்?"

"ஒபிசில வேலை கூடவாம்."

"நேரா கேட்டிருக்கலாமே! உங்கட விசா அக்கா!"

"கேட்டா அந்த மனுசன் வெக்கப்படும்," என்றார். "நேர்முகத்தில நான் ஜன்னலைத்தான் நம்பப்போறன்."

பன்னிரண்டாம் நாள் காலை நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அவர் கண்ணை உற்றுப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. "எங்க நிக்கிறியள்?" என்றேன். "தாய்லாந்து. அரை மணித்தியாலம்தான் வித்தியாசம், சமாளிப்பன்," என்றார். முதல் நாள் பின்னேரம் இதே பஸ்ஸில் வந்து வாசலைப் பார்த்துவைத்துவிட்டுப் போயிருந்தார், அதைச் சொல்லத் தேவையில்லை. நான் எதிர்ப்பக்க மதிலோரம் மூன்று மணித்தியாலம் நின்றேன். எனக்குத் தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன், வேதக்காரரின் தெய்வத்தையும் சேர்த்து. கோயிலும் தேவாலயமும் பக்கம் பக்கமாக இருக்கிற கொட்டாஞ்சேனைக்காரிக்கு அந்த வசதி உண்டு.

வெளியே வந்தவர் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத்தான் கதை சொன்னார்.

அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். மொழிபெயர்க்க ரை கட்டிய ஒரு தமிழ் ஐயா. பதினைந்தாவது கேள்வி அது: இந்த நேரம் உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருப்பார்?

அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். காலை பத்து மணி. "அங்க இப்ப இரவு பதினொண்டரை. வேலை தொடங்கி இருப்பார்," என்றார். அதிகாரி பைலைப் புரட்டினார். ஒரு கடிதத்தில் விரல் வைத்து, என்ன வேலை என்று கேட்டார். "இரவு வேலை. என்ன வேலை எண்டு தெரியாது."

"கணவர் சொல்லவில்லையா?"

"அவர் ஒபிஸ் எண்டுதான் சொன்னவர்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டாராம். அப்படியானால் இரவு வேலை என்று எப்படித் தெரியும் என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அக்கா கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, வகுப்பு எடுத்தார். ஈயத்தாள், கறுப்புக் கண்ணாடி, தூங்கி விழாத மாப்பிள்ளை, உலகத்தைச் சுற்றி வந்த தன் உடம்பு எல்லாம் சொன்னார். ரை கட்டிய ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டியதாம். "பாவம், மெலட்டோனினுக்குத் தமிழ் தேடினார். அது இங்கிலிஸ்தான், விடுங்கோ எண்டன்."

கடைசியில் அதிகாரி அந்தக் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். வெதுப்பகம் ஒன்றின் கடிதம். இரவு பதினொன்று முதல் காலை ஏழுவரை பாண் போடுகிற வேலை, நாலு வருடமாக. அரசாங்கத்துக்கு அந்த மனுசன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொன்ன ஒரே பொய் அக்காவுக்குத்தான்.

"உங்களுக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்வீர்களா?" என்று அதிகாரி கேட்டாராம். அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

விசா ஐந்து கிழமையில் வந்தது. அந்த ஐந்து கிழமையும் அக்கா கொழும்பிலேயே இருந்தார். இரவு பத்து மணிக்கு அவரே எழும்பி லைற்றை நூர்ப்பார். இருட்டில் இரண்டு கட்டிலிலும் கிடந்து எவ்வளவோ கதைத்தோம். "முதல் தரமா ஒரு முன்னேற்பாடும் இல்லாமல் ஒரு இடத்துக்குப் போறன்," என்று சிரித்தார். சுவர் அட்டவணையைக் கழற்றி, அதன் மறுபக்கத்தில் பெட்டியில் வைக்கவேண்டிய சாமான்களை எழுதினார்.

அவர் போன பிறகு அந்த அறையில் எனக்கு நித்திரை வரவில்லை. இருட்டு கூடிப்போய்விட்டது. அந்த நாலடி ரியூப் லைற்றை எரியவிட்டு, பழைய பாவாடையை முகத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். அக்கா, அக்கா என்று மனம் அடித்துக்கொண்டது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நீலக் கடிதம் வந்தது. வேலையால் வந்து, சாப்பிட்டு, கட்டிலில் படுத்துக்கொண்டு பிரித்தேன்.

"எயார்போட்டுக்குப் பின்னேர வெயிலில கறுப்புக் கண்ணாடியோட வந்து நிண்டார். மூண்டு நாள் லீவு எண்டார். மூண்டாம் நாள் தலையைச் சொறிஞ்சு சொறிஞ்சு, 'உம்மட்டை ஒரு விசயம் சொல்லவேணும்' எண்டு தொடங்கினார். நான் அப்ப கதிரையில ஏறி நிண்டு, ஜன்னல் ஈயத்தாளின்ரை கழண்ட மூலையை ஒட்டிக்கொண்டிருந்தனான். 'அந்த ரேப்பை ஒருக்கா எடுத்துத் தாங்கோ' எண்டன். ஈயத்தாளையும் என்னையும் மாறி மாறிப் பாத்திட்டு எடுத்துத் தந்தார். பிறகு அவர் ஒண்டும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. அவர் கொண்டுவாற பாண் சூடா நல்லா இருக்கு. நானும் இப்ப அவரின்ரை நேரத்துக்குத்தான். இஞ்ச காலமை பதினொரு மணிக்குப் படுக்கிறம். ரெண்டு நாட்டிலயும் மணிக்கூட்டைத் திரும்ப மாத்தினதால வித்தியாசம் இப்ப பதினொரு மணித்தியாலம், உனக்கு அது இரவு பத்து. நீ படுக்கேக்க நானும் படுக்கிறன் எண்டு நினைச்சுக்கொள். உன்னை எனக்குத் தெரியும். நீ இப்ப அதை எரியவிட்டுக்கொண்டுதான் கிடப்பாய். லைற்றை நூத்துப்போட்டுப் படு."

மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. எழும்பிப் போய் லைற்றை நூர்த்தேன்.